தீக்குழம்பின் மட்டம் பார்ப்பவர்கள்

1911-ஆம் ஆண்டு ஜூலை மாதம். ஹவாய்த் தீவில், கிலாவேயா எரிமலையின் உச்சியில் இருக்கும் ஹலேமாவுமாவு என்ற குழியின் ஒரு கரையிலிருந்து எதிர்க்கரைக்கு இரும்பு வடம் ஒன்றை இழுத்துக் கட்டியிருந்தார்கள். கீழே உருகிய பாறை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. ஃபிராங்க் பெரெட், ஷெப்பர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வடத்தின் மேல் கப்பியை ஓடவிட்டு, அதிலிருந்து ஒரு மின்வெப்பமானியைக் குழம்புக்குள் இறக்கினார்கள். கிணற்றில் வாளி இறக்குகிற அதே வேலைதான். குழம்பு கருவியைப் பிடுங்கிக்கொள்வதற்குள் ஓர் எண் கைக்கு வந்துவிட்டது. சுமார் 1,010 டிகிரி செல்சியஸ்.

இந்த முயற்சிக்குப் பின்னால் இருந்தவர் தாமஸ் ஜாக்கர் என்ற அமெரிக்கப் புவியியலாளர். 1902-இல் கரீபியக் கடலின் மார்ட்டினிக் தீவில் பெலே எரிமலை வெடித்தது. அதன் அடிவாரத்தில் இருந்த சான் பியேர் நகரத்தில் ஏறத்தாழ 28,000 பேர் சில நிமிடங்களில் கருகிப்போனார்கள். ஜாக்கர் அங்கே போய் அந்தச் சாம்பலைப் பார்த்தவர். எல்லாம் முடிந்தபின் கப்பலேறிப் போய்க் கல் பொறுக்கி வருவதில் என்ன இருக்கிறது, மலை உயிரோடு இருக்கும்போதே அதன் பக்கத்தில் குடியிருந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அவரை விடவில்லை. 1912-இல் கிலாவேயாவின் விளிம்பிலேயே ஹவாய் எரிமலை ஆய்வகத்தைத் தொடங்கினார். 1940 வரை அதுவே அவர் வாழ்க்கை.

அறிவியலில் கண்டுபிடிப்பவர்களைக் கொண்டாடுகிறோம். ஓரிடத்தில் உட்கார்ந்து, இன்று ஒன்றும் நடக்கவில்லை என்று நாள் தவறாமல் எழுதி வைப்பவர்களை மறந்துவிடுகிறோம். எரிமலை அறிவியல் இரண்டாவது வகை மனிதர்களால் நிற்கிறது. ஜாக்கரின் ஆட்கள் நீண்ட எஃகுக் குழாய்களைக் குழம்புக்குள் செருகிப் பார்த்தார்கள். குழாய்க்குள் சிறு மண்கூம்புகளை வைத்திருந்தார்கள். பீங்கான் சூளைக்காரர்கள் சூளையின் சூட்டை அறிய வைக்கும் கூம்புகள் அவை. குறித்த வெப்பம் வந்ததும் தலை சாய்ந்துவிடும். எந்தக் கூம்பு சாய்ந்தது, எது நிமிர்ந்து நின்றது என்று பார்த்து, எந்த ஆழத்தில் எவ்வளவு சூடு என்று கணக்கிட்டார்கள்.

இப்படிக் குழம்பு தேங்கி நிற்கும் லாவா ஏரி அபூர்வமான ஒன்று. உலகில் எரிமலைகள் ஆயிரத்துக்கு மேல் இருந்தாலும் ஆண்டுக்கணக்கில் ஏரி தங்கியவை விரல்விட்டு எண்ணக்கூடியவைதாம்: ஹவாயின் கிலாவேயா, காங்கோவின் நைராகோங்கோ, எத்தியோப்பியாவின் எர்ட்டா ஆலே, அண்டார்க்டிகாவின் எரபஸ், நிகராகுவாவின் மசாயா, பசிபிக்கில் வனுவாட்டு நாட்டின் அம்ப்ரிம் என்று ஒரு சில. மற்ற மலைகளில் குழம்பு வரும் வழி அடைத்துக்கொள்கிறது. இங்கே மட்டும் வாய் திறந்தே இருக்கிறது.

அப்படித் திறந்து கிடந்தால் ஆறிப் போகாதா? ஆறத்தான் செய்கிறது. இரவும் பகலும் வானத்தை நோக்கி வெப்பத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கும் ஏரி, அடியிலிருந்து புதுச் சூடு வராவிட்டால் சீக்கிரமே கல்லாகிவிடும். கல்லாகாமல் காப்பது ஒரு விசித்திரமான சுழற்சி. பூமிக்குள்ளிருந்து வாயு கலந்த இளகிய குழம்பு மேலேறி வருகிறது. மேற்பரப்பை எட்டியதும் வாயு பிரிந்து காற்றோடு போய்விடுகிறது. வாயுவை இழந்த குழம்பு கனத்துப்போய், வந்த குழாய் வழியாகவே கீழே இறங்குகிறது. ஒரே குழாயில் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நடக்கின்றன. வெளியே ஒரு சொட்டு லாவா வழியாமலேயே, நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான டன் வாயு மட்டும் வெளியேறிக்கொண்டிருக்கும்.

மேலே நின்று பார்ப்பவருக்கு இந்தச் சுழற்சி கண்ணுக்கே தெரியும். காய்ச்சிய பால் ஆறும்போது ஆடை படிவதுபோல ஏரியின் மேல் கறுத்த ஓடு படிகிறது. அந்த ஓடு பெரிய பெரிய வில்லைகளாகப் பிளந்து ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நகர்கிறது. இரண்டு வில்லைகளுக்கு நடுவில் கோணல்மாணலாக ஆரஞ்சு நிறக் கோடு ஒளிரும். மறுகரையை அடைந்த வில்லை மெல்லச் சாய்ந்து, விளிம்பு சிவந்து, உள்ளே அமிழ்ந்துவிடும். அமிழும் இடத்தில் வாயு பீறிட்டுக் குழம்பைக் கரையெல்லாம் தெளிக்கும். தெறித்த துளிகளிலிருந்து காற்று நூல் நூற்கிறது. தலைமுடியைவிட மெல்லிய, பொன்னிறக் கண்ணாடி இழைகள். ஹவாய் மக்கள் இந்தக் குழியைத் தங்கள் தெய்வமான பேலேயின் வீடாகவே கருதுகிறார்கள். அந்த இழைகளுக்குப் பேலேயின் கூந்தல் என்று பெயர். ஆய்வாளர்களும் தங்கள் அறிக்கைகளில் அந்தப் பெயரையே எழுதுகிறார்கள்.

ஜாக்கர் பார்த்த ஏரி 1924-இல் வடிந்து, குழி வெடித்துச் சிதறியதோடு முடிந்தது. அதன்பின் பல பத்தாண்டுகள் வந்த ஏரிகள் எதுவும் நெடுநாள் நிலைக்கவில்லை. 2008 மார்ச் 19 அதிகாலை, ஹலேமாவுமாவின் சுவரோரத்தில் ஒரு வெடிப்பு. பார்வையாளர்கள் நின்று வேடிக்கை பார்க்கும் மேடையின் மேல் கற்கள் வந்து விழுந்தன. வாயு அதிகமாகிறது என்று ஆய்வகம் சொன்னதால் அந்த மேடையை முந்தைய மாதமே மூடியிருந்தார்கள். வெடிப்பில் திறந்தது சுமார் 35 மீட்டர் அகலத் துளைதான். கரைகள் இடிந்து இடிந்து பத்தாண்டில் அது 200 மீட்டருக்கு மேல் அகலமான ஏரியானது. ஜாக்கரின் பேரப்பிள்ளைகள் காலத்து ஆய்வாளர்களுக்கு, அவர் கனவிலும் காணாத கருவிகளோடு அதே இடத்தில் உட்காரும் வாய்ப்புக் கிடைத்தது.

அவர்கள் எல்லாவற்றுக்கும் மேலாகக் கவனித்தது ஏரியின் மட்டத்தைத்தான். பழைய மருத்துவர்கள் ரத்த அழுத்தம் பார்க்கும் பாதரசக் கருவியை நினைத்துக்கொள்ளுங்கள். கையில் கட்டிய பட்டைக்குள் அழுத்தம் ஏறினால் பாதரசம் ஏறும், தளர்ந்தால் இறங்கும். ஹலேமாவுமாவின் ஏரி அந்தப் பாதரசம்தான். அதற்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் அடியில் மாக்மா, அதாவது பூமிக்குள் இருக்கும் உருகிய பாறை, தேங்கிய அறை ஒன்று இருக்கிறது. அறையில் அழுத்தம் கூடினால் ஏரி உயரும், குறைந்தால் தாழும்.

அது வெறும் உவமை இல்லை என்பதைச் சாய்வுமானி காட்டுகிறது. அறை நிரம்பும்போது மலையே பலூன்போல உப்புகிறது. உப்பினால் அதன் சரிவு கொஞ்சம் மாறும். ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள சட்டத்தின் ஒரு முனையை ஒரு மில்லிமீட்டர் தூக்கினால் எவ்வளவு சாயுமோ, அந்தச் சாய்வை ஒரு மைக்ரோரேடியன் என்கிறார்கள். குழிக்கு அருகே புதைத்து வைத்த சாய்வுமானி அதைவிடக் குறைந்த அசைவையும் பதிவு செய்யும். சாய்வுமானியின் வரைபடத்தையும் ஏரி மட்டத்தின் வரைபடத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே கை எழுதியதுபோல வளைந்து நெளிந்து போகின்றன. மலை சில மணி நேரம் சுருங்கினால் ஏரி பத்திருபது மீட்டர் இறங்கிவிடும், மறுநாள் மலை திடீரென உப்பினால் ஏறிவிடும்.

ஆனால் மட்டம் ஏறுவதெல்லாம் அழுத்தம் ஏறுவதால் வருவதல்ல. அடுப்பில் பால் பொங்கும்போது பாத்திரத்தில் பால் கூடிவிட்டது என்று யாரும் நினைப்பதில்லை. ஏரியும் சில நேரம் அப்படிப் பொங்குகிறது. கரையில் தெறிப்பு நின்றுபோகும். ஓடு முழுதாய் மூடிக்கொள்ளும். வெளியேற வழியில்லாத வாயு நுரையாகி அடியில் சேரும். ஏரி சத்தமில்லாமல் சில மீட்டர் மேலே வரும். இந்த நேரத்தில் நிலநடுக்கப் பதிவில் வழக்கமான துடிப்புக்கூட அடங்கிப்போகிறது. பிறகு எங்கோ ஒரு மூலையில் ஓடு கிழிந்து தெறிப்பு தொடங்கும். நுரை உடைந்து வாயு பாய்ந்து வெளியேற, ஏரி பழைய மட்டத்துக்கு வந்து உட்கார்ந்துவிடும். இதையும் அழுத்த ஏற்றத்தையும் பிரித்தறியத் தெரியாதவர் மட்டத்தை மட்டும் வைத்து எச்சரிக்கை விட்டால் ஊரை வீணாய்க் கலவரப்படுத்துவார்.

நுரையைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த ஓர் அளவீடு உண்டு. குழியின் விளிம்பில் ஈர்ப்புவிசைமானியை வைத்தார்கள். ஏரி ஏறும்போது அங்கே பொருள் கூடுகிறது, அதன் ஈர்ப்பும் நுண்ணிய அளவில் மாறுகிறது. மட்டம் இவ்வளவு மாறினால் ஈர்ப்பு எவ்வளவு மாறியது என்று பார்த்து ஏரியின் அடர்த்தியைக் கணக்கிட்டார்கள். 2013-இல் வெளியான முடிவு: கன மீட்டருக்கு சுமார் 950 கிலோ, 300 கிலோ கூடவோ குறையவோ இருக்கலாம். தண்ணீர் 1,000 கிலோ. குமிழியில்லாத பசால்ட்டுக் குழம்பாக இருந்தால் 2,600 கிலோவுக்குக் குறையாது. உருகிய பாறை என்று நாம் நினைத்திருந்த ஏரியின் மேற்பகுதி, எடைக்கு எடை தண்ணீர்தான். அதில் பாதிக்கு மேல் குமிழிகள்.

கண்ணால் பார்ப்பதன் அருமையைச் சொல்லும் இன்னொரு செய்தியும் இருக்கிறது. இந்த ஏரியில் அவ்வப்போது திடீர் வெடிப்புகள் நடந்து, விளிம்புவரை கற்களும் குழம்பும் வந்து விழும். அடியாழத்திலிருந்து பெருங்குமிழி ஒன்று ஏறிவந்து உடைகிறது என்பதுதான் பல எரிமலைகளுக்குச் சொல்லப்படும் வழக்கமான விளக்கம். நிலநடுக்கப் பதிவை மட்டும் வைத்துப் பார்த்தால் இங்கேயும் அப்படித்தான் என்று முடிவு கட்டியிருக்கலாம். கேமராப் படங்களை நொடி நொடியாக நகர்த்திப் பார்த்தபோது வேறு கதை தெரிந்தது. முதலில் மேலே சுவரிலிருந்து ஒரு பாறைத்துண்டு பெயர்ந்து ஏரியில் விழுகிறது. நுரை நிரம்பிய குழம்பை அது கலக்கிவிட, ஒரே மூச்சில் வாயு வெடித்துக் கிளம்புகிறது. காரணம் அடியில் இல்லை, மேலே இருந்தது. பூமிக்குள் காதை வைத்துக் கேட்பவருக்கும் விளிம்பில் நின்று பார்ப்பவருக்கும் ஒருவர் துணை மற்றவருக்கு வேண்டும்.

விளிம்பில் நிற்பது எளிதல்ல. சல்பர் டை ஆக்சைடு ஈரக்காற்றோடு கலந்தால் அமிலம். முகமூடி இல்லாமல் காற்றின் கீழ்ப்பக்கம் போக முடியாது. கேமராவின் கண்ணாடியும் மின்கம்பியும் அரித்துப்போகும். அதனால் வாயுவைத் தூரத்திலிருந்தே அளக்கிறார்கள். சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்களில் ஒரு பங்கை சல்பர் டை ஆக்சைடு விழுங்கிவிடும். புகையின் கீழே காரில் போய்க்கொண்டே மேலே பார்க்கும் நிறமாலைமானி, எவ்வளவு ஒளி குறைந்திருக்கிறது என்று பார்த்து, வாயு எவ்வளவு போகிறது என்று சொல்லும். கரியமில வாயு குழம்பிலிருந்து மிக ஆழத்திலேயே பிரிந்துவிடும். கந்தக வாயுவோ மேற்பரப்புக்கு அருகில் வந்தபின்தான் பிரியும். எனவே முதலாவது மட்டும் கூடினால், ஆழத்திலிருந்து புதுச் சரக்கு புறப்பட்டிருக்கிறது என்று ஊகிக்கலாம். மட்டத்தைப் பகலிரவு பாராமல் பார்க்கப் புகையை ஊடுருவும் வெப்பக் கேமராவை வைத்தார்கள், பின்னர் லேசரும் சேர்ந்துகொண்டது.

2018 ஏப்ரலில் ஏரி ஏறத் தொடங்கியது. கரை தாண்டி ஹலேமாவுமாவின் தரையெங்கும் வழிந்தது. கிழக்கே சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கும் பூ ஊ ஓ ஓ என்ற வாயிலிலும் அழுத்தம் ஏறியிருந்தது. அங்கே புதுத் திறப்பு உண்டாகலாம் என்று ஏப்ரல் 17-ஆம் தேதி ஆய்வகம் அறிவித்தது. 30-ஆம் தேதி அந்த வாயிலின் தரை இடிந்து உள்ளே போனது. அடியில் இருந்த மாக்மா இன்னும் கிழக்கே பாறையைப் பிளந்துகொண்டு ஓட, அதன் பாதையிலெல்லாம் சிறு நிலநடுக்கங்கள். மே 3-ஆம் தேதி, உச்சியிலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளி, லெய்லானி எஸ்டேட்ஸ் என்ற குடியிருப்பின் தெருவில் தார்ச்சாலை பிளந்து லாவா வந்தது. மறுநாள் 6.9 அளவில் நிலநடுக்கம். உச்சியில் ஏரி, அடைப்பைப் பிடுங்கிய தொட்டிபோல இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு வாரத்தில் 300 மீட்டருக்கு மேல் இறங்கிக் கண்ணிலிருந்து மறைந்தது.

ஆகஸ்டுவரை மலையுச்சி 62 முறை இடிந்து அமிழ்ந்தது. 700-க்கு மேற்பட்ட வீடுகள் லாவாவுக்குள் போயின. அந்தக் குடும்பங்களின் இழப்பை எந்த எண்ணும் சொல்லிவிடாது. ஆனால் ஓர் உயிரும் போகவில்லை. விளிம்பில் இருந்த ஆய்வகக் கட்டடமும் தாங்க முடியாமல் விரிசல் விட்டது. நூறாண்டுக்கு மேல் மலையின் ஓரத்தில் குடியிருந்தவர்கள் பெட்டி படுக்கையோடு கீழே இறங்கினார்கள்.

அடுத்த ஆண்டு, யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. 2019 ஜூலையில், 500 மீட்டருக்கும் அதிகமாக ஆழமாகிவிட்ட அந்தக் குழியின் அடியில் பச்சை நிறத்தில் தண்ணீர் தெரிந்தது. நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே குழி போய்விட்டதால் ஊற்று சுரந்திருக்கிறது. ட்ரோனை இறக்கித் தண்ணீர் மொண்டு வந்தார்கள். 1911-இன் வடத்துக்கும் கப்பிக்கும் வாரிசு அந்த ட்ரோன். தண்ணீர் 50 மீட்டர் ஆழம்வரை பெருகி, ஆவி பறக்கும் பழுப்பு ஏரியானது. 2020 டிசம்பர் 20 இரவு சுவர் பிளந்து லாவா கொட்டியதும், முழு ஏரியும் சில மணி நேரத்தில் கொதித்து ஆவியாகிவிட்டது. விடிந்தபோது அதே இடத்தில் மறுபடி தீக்குழம்பு. மறுபடி மட்டம் அளக்கத் தொடங்கினார்கள்.

கிலாவேயாவோடு கதையை முடித்துக்கொண்டால், மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்று தோன்றிவிடும். நைராகோங்கோ அப்படி நினைக்க விடாது.

காங்கோவின் கிழக்கு எல்லையில் 3,470 மீட்டர் உயரத்தில் நிற்கிற செங்குத்தான மலை அது. அதன் காலடியில், கீவு ஏரிக்கரையில், லட்சக்கணக்கானோர் வாழும் கோமா நகரம். இந்த மலையின் குழம்பில் சிலிக்கா மிகக் குறைவு, அதனால் தண்ணீர்போல ஓடக்கூடியது. ஹாரூன் தசியெஃப் என்ற எரிமலை ஆய்வாளர் 1948-இலிருந்தே பார்த்து எழுதிவந்த ஏரி, 1977 ஜனவரி 10 அன்று மலையின் பக்கவாட்டுச் சுவர் பிளந்ததால் ஒரு மணி நேரத்துக்குள் காலியானது. சரிவில் இருந்த ஊர்களில் ஓடித் தப்பக்கூட நேரமில்லை. 2002 ஜனவரியில் மீண்டும் பிளந்தபோது லாவா கோமாவின் நடுவே ஓடி, விமான நிலைய ஓடுபாதையின் ஒரு பகுதியை மூடி, கீவு ஏரியில் விழுந்தது. லட்சக்கணக்கானோர் எல்லை தாண்டி ருவாண்டாவுக்குள் ஓடினார்கள்.

அதற்குப் பிறகு கோமா எரிமலை ஆய்வகத்துக்குக் கருவிகள் வந்தன, நிலநடுக்கப் பதிவு நிலையங்களின் வலைப்பின்னல் வந்தது. போரும் பணத்தட்டுப்பாடும் சூழ்ந்த ஊரில் அந்த ஆய்வாளர்கள் மலையேறி ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்ததை நினைத்தால் மனம் நெகிழ்கிறது. ஏரி ஆண்டுதோறும் உயர்ந்துகொண்டே வந்ததை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஆனால் 2021 மே 22 மாலை மலை பிளந்தபோது, வழக்கத்துக்கு மாறான அதிர்வுகள் தொடங்கி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. லாவா விமான நிலையத்துக்குச் சில நூறு மீட்டர் தள்ளி நின்றது. முப்பது பேர் அளவில் இறந்தார்கள். அடுத்த நாட்களில் மாக்மா நகரத்துக்கு அடியிலேயே, மிகக் குறைந்த ஆழத்தில், கீவு ஏரிவரை ஊர்ந்து போனது. ஏரியின் ஆழத்தில் கரைந்து கிடக்கும் கரியமில வாயுவும் மீத்தேனும் கிளறப்படுமோ என்ற அச்சத்தில் கோமாவின் பெரும்பகுதியைக் காலி செய்தார்கள்.

அறிகுறி ஏன் கிடைக்கவில்லை என்று மறு ஆண்டு வெளியான ஆய்வு விளக்கியது. வழக்கமாக வெடிப்புக்கு முன் மாக்மா ஆழத்திலிருந்து பாறையை உடைத்துக்கொண்டு மேலேற வேண்டியிருக்கும். அந்த உடைப்புதான் நிலநடுக்கம், அந்த ஏற்றம்தான் மலையின் உப்பல். கருவிகள் கேட்பது அதைத்தான். நைராகோங்கோவில் குழம்பு ஏற்கெனவே மேலே, வாய்வரை வந்து நிற்கிறது. ஏற வேண்டிய அவசியமே இல்லை. சூட்டிலும் பாரத்திலும் நலிந்துபோன சுவர் ஒரு நாள் விட்டுக்கொடுத்தது, அவ்வளவுதான். கிலாவேயாவில் உள்ளிருப்பதைக் காட்டிக்கொடுத்த அதே திறந்த வாய், இங்கே எச்சரிக்கை தரக்கூடிய பயணத்தையே இல்லாமல் செய்துவிட்டது. ஏரியை மட்டுமல்ல, ஏரியைத் தாங்கும் கரையையும் அளக்க வழி தேட வேண்டியிருக்கிறது. விரிசல் விட்ட ஏரிக்கரை எப்போது உடையும் என்று சொல்வது எவ்வளவு கடினமோ அவ்வளவு கடினம் இதுவும்.

2021 செப்டம்பரில், காலியான நைராகோங்கோவின் குழிக்குள் மறுபடி சிவப்பு தெரிந்தது. மேகமும் புகையும் மூடும் குழியை மேலே ஏறிப் பார்ப்பது எல்லா நாளும் நடக்காது. எனவே ஆய்வாளர்கள் செயற்கைக்கோளின் ராடார் படங்களில் குழியின் நிழலை அளக்கிறார்கள். ராடார் அலைகள் சாய்வாக வருவதால் குழியின் சுவர் அடித்தரையில் நிழல் வீழ்த்தும். குழி ஆழமாக இருந்தால் நிழல் நீளும். அடியில் குழம்பு நிரம்பி உயர உயர நிழல் குறுகும். செயற்கைக்கோள் ஒவ்வொரு முறை கடந்து போகும்போதும் ஒரு படம் வருகிறது. யாரோ ஒருவர் கணினியின் முன் உட்கார்ந்து, நிழலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை புள்ளிகளை எண்ணி, தேதி போட்டு எழுதிவைக்கிறார்.